ஏழாம் பிள்ளையா, கழித்தல் வராத பிள்ளையா?

மகள் தரம் 3. வன்னியில் ஒட்டுசுட்டான் பக்கம் சின்னப் பாடசாலை, வகுப்பில் மொத்தமே 16 பிள்ளைகள். போன வருடம் வரை தேர்ச்சி அறிக்கையில் பாடத்துக்குப் புள்ளி, மொத்தம், சராசரி, வகுப்பில் எத்தனையாம் பிள்ளை என்ற நிலை எல்லாம் வரும். இந்த வருடம் அவை ஒன்றும் இல்லை. ஒவ்வொரு பாடத்தையும் சின்னச் சின்னத் தேர்ச்சிகளாகப் பிரித்து, மிக நன்று, நன்று, சாதாரணம், விருத்தியடைய வேண்டும் என்று நாலு கட்டம். கீழே ஆசிரியரின் குறிப்பு.

“எத்தினையாம் பிள்ளை எண்டு சொல்லாட்டி இதென்ன ரிப்போட்?” என்று பெற்றோர் கூட்டத்தில் ஒரு ஐயா எழும்பிவிட்டார். அன்றைக்கு நானும் அவர் பக்கம்தான். இன்னும் புள்ளியும் நிலையும் போடுகிற ரவுண் பாடசாலை ஒன்றுக்கு மகளை மாற்றலாமா என்று விசாரித்தும் பார்த்தேன். கடைசியில் மாற்றவில்லை.

புள்ளி ஒரு பார்வையில் விளங்கும், அம்மம்மாவுக்குப் போனில் சொல்லலாம். புது அறிக்கையை வாசித்து முடிக்கவே ஒரு தேத்தண்ணி ஆறிவிடும். இதில் வாதாட ஒன்றுமில்லை. நிலையைப் பற்றியும் அதிகம் சொல்லத் தேவையில்லை: போன வருடம் மகள் ஏழாம் பிள்ளை. சோதனையன்று இரண்டு கெட்டிக்காரருக்குக் காய்ச்சல் வந்திருந்தால் ஐந்தாம் பிள்ளை. அவளின் படிப்பு அதே படிப்புத்தான்.

என் மனதை மாற்றியது வேறு விஷயம். வன்னியில் ஆசிரியர் நிலைக்கமாட்டார்கள். யாழ்ப்பாணத்திலிருந்து வருகிறவர்கள் இங்கே செய்யவேண்டிய சேவைக்காலம் முடிய ஊருக்கு இடமாற்றம் எடுத்துப் போய்விடுவார்கள். அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. பிள்ளையை அறிந்த ஆள் போனபின் மிஞ்சுவது அந்த அறிக்கை மட்டும்தான். ஆகவே நான் பார்ப்பது, புதிதாக வருகிற ஒருவர் கையில் அது என்ன சொல்லும் என்பதை.

போன வருட அறிக்கை சொன்னது: கணிதம் 62. அதை வைத்து நானே ஒன்றும் செய்ய முடியாமல் ரியூசனுக்கு அனுப்பினேன். அங்கே அவளுக்கு ஏற்கெனவே வந்த பெருக்கலைத் திரும்பத் திரும்பச் செய்வித்தார்கள். அடுத்த தவணை 64. இந்த வருட முதலாம் தவணை அறிக்கையில் கூட்டல் ‘மிக நன்று’, பெருக்கல் ‘நன்று’, கடன் வாங்கிக் கழித்தல் ‘விருத்தியடைய வேண்டும்’. குறிப்பில் ஒரு வரி: “பத்தை உடைத்து ஒன்றுகளாக்கத் தெரியவில்லை.” ஈர்க்கைப் பத்துப் பத்தாகக் கட்டி, கட்டை அவிழ்த்து எடுக்கப் பழக்கினோம். பத்து நாள் போயிருக்கும், பிடித்துக்கொண்டாள். இரண்டாம் தவணையில் வகுப்பாசிரியை மாறிப் போனார். புதிதாக வந்தவர் அறிக்கையைப் பார்த்துவிட்டு முதல் வாரமே கேட்டது, “கழித்தல் இப்ப எப்பிடி?”

இது திடீரென்று முளைத்த யோசனையும் இல்லை. 1999இல் நாடு முழுவதும் தொடங்கிய ஆரம்பக் கல்விச் சீர்திருத்தம் தரம் 1–2, 3–4, 5 என்று மூன்று முதன்மை நிலைகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் அத்தியாவசியத் தேர்ச்சிகள் என்றுதான் பேசியது. அறிக்கை அட்டைதான் பிந்தி வந்திருக்கிறது.

ஆனால் எல்லாம் எழுதுகிறவர் கையில். மகளின் சுற்றாடல் பாடப் பக்கத்தில் மேலிருந்து கீழ்வரை ‘நன்று’ என்றே அடையாளம். அதைவிட ஒரு 58 கூடுதலாகச் சொல்லியிருக்கும். அந்தக் கட்டங்களை மனம்வைத்து நிரப்ப ஆசிரியருக்கு நேரம் வேண்டும். எங்கள் வகுப்பில் 16 பேர், சரி. 40 பேர் இருக்கிற வகுப்பில் இது எப்படி ஓடுமோ.

அப்புறம் தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சை. அங்கே இரண்டு வினாத்தாள், 200 புள்ளி, மாவட்டத்துக்கு ஒரு வெட்டுப்புள்ளி, ‘நன்று’ எடுபடாது. பக்கத்து வீட்டு அக்காவின் மகன் தரம் 5. “உனக்கென்ன தம்பி, உனக்கு இன்னும் ரெண்டு வருசம் கிடக்கு” என்கிறார். உண்மைதான், அந்த வருடத்தின் சூட்டை நான் இன்னும் பார்க்கவில்லை. அதனால் அடுத்த கூட்டத்தில், தரம் 5க்கு மட்டும் மாதிரி வினாத்தாள் புள்ளிகளைத் தனித் தாளில் தரும்படி அக்காவோடு சேர்ந்து நானும் கேட்கப் போகிறேன். நிலை மட்டும் போட வேண்டாம்.