காய்ந்த மரம் என்று ஈர மரத்தைத் தந்தார்கள்: சொந்தமாகக் கொட்டகை கட்டுபவர்கள் கவனிக்கவும்

அழகர்கோவில் பக்கம் எங்கள் கொய்யாத் தோட்டத்தில் பத்துக்குப் பன்னிரண்டு அடியில் ஒரு கொட்டகை. போல்ட் இல்லாமல், துளையும் கழுந்துமாக (ஒரு மரத்தின் முனையில் செதுக்கிய நாக்கு இன்னொன்றின் துளையில் நுழைவது) நானே செதுக்கிக் கோக்க வேண்டும் என்பது பல வருட ஆசை. நான் ஆசாரி இல்லை. அதனால்தான் மரத்திலாவது தவறு வரக்கூடாது என்று மதுரையில் ஒரு மரக்கடையில் கேட்டுக் கேட்டு வாங்கினேன். "ரெண்டு வருஷம் காய்ஞ்ச வேம்பு சார், வைரம் பாய்ஞ்சது" என்றார் கடைக்காரர்.

ஆறு தூண். 6க்கு 6 அங்குலம், 10 அடி நீளம். அங்குலத்தில் அகலம், கனம், அடியில் நீளம் மூன்றையும் பெருக்கி 144ஆல் வகுத்தால் தூணுக்கு இரண்டரை கன அடி. 15 கன அடிக்குப் பணம் கொடுத்தேன். தோட்டத்தில் இறக்கி டேப் வைத்தால் எல்லாமே ஐந்தரைக்கு ஐந்தரை. மொத்தம் 12.6 கன அடிதான். போனில் கேட்டதற்கு, "ரம்பம் தின்னது போக அப்படித்தான் வரும்" என்றார்.

அந்தப் பணம் போனால் போகிறது. ஈரத்தை மறைத்ததைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. தூண்களின் இரு முனையிலும் சிவப்புப் பெயின்ட். வெடிக்காமல் இருக்க அப்படிப் பூசுவதுண்டு என்பதால் சந்தேகப்படவில்லை. சித்திரையில் உளியும் கொட்டாப்புளியுமாக மூன்று வாரம் உட்கார்ந்து, தாள் நுழையாத அளவுக்கு இறுக்கமாகக் கோத்தேன். ஆடிக் காற்றில் சட்டம் முழுக்க முனகியது. மரம் நீளவாக்கில் சுருங்காது, குறுக்கேதான் சுருங்கும். அதனால் தூணின் துளை நீளம் அப்படியே நிற்க, உத்திரத்தின் கழுந்து மெலிந்து மேலே இடைவெளி விட்டுவிட்டது. இரண்டு தூண் முறுக்கிக்கொண்டன.

வெட்டி மீந்த ஒரு அங்குல வில்லையைக் கோக்கும்போதே எடை போட்டு மொட்டை மாடியில் போட்டிருந்தேன். 460 கிராம் இருந்தது, 320இல் வந்து நின்றது. குறைந்த 140 கிராமும் தண்ணீர்.

பச்சை மரத்திலும் நல்ல சட்டம் கட்டலாம். கழுந்தில் போடும் ஆணி ஓட்டையை, தூணின் ஓட்டைக்கு நேராக இல்லாமல் கழுந்தின் அடிப்பக்கமாகச் சற்றுத் தள்ளிப் போட்டு, நன்றாகக் காய்ந்த மர ஆணியை அடித்தால், சுருங்கச் சுருங்க அது இழுத்துப் பிடிக்கும். பச்சை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அப்படியே செய்திருப்பேன்.

நீங்கள் வாங்கினால், முனையில் அல்ல, அதிலிருந்து உள்ளே தள்ளி ஒரு வில்லை வெட்டித் தரச் சொல்லி, உடனே ஒருமுறையும் காயவைத்து ஒருமுறையும் எடை பாருங்கள். தர மறுத்தால் வேறு கடை. வண்டியில் ஏற்றும் முன் டேப் வையுங்கள். பில்லில் மரத்தின் பெயர், அளவு, காய்ந்தது என்பது மூன்றும் இருக்கட்டும். என் பில்லில் 'மரம்' என்று மட்டும் இருந்ததை நான் கவனிக்கவில்லை. நுகர்வோர் ஆணையத்தில் புகார் செய்ய 2 வருட அவகாசம் உண்டு. அந்தப் பில், போட்டோக்கள், வில்லை எல்லாவற்றையும் எடுத்துவைத்து மனு எழுதிக்கொண்டிருக்கிறேன். கொட்டகைக்கு இப்போது சவுக்குக் கம்பு முட்டுக் கொடுத்திருக்கிறது.