எச்டிடிபிஎஸ் சான்றிதழ்: காசு கொடுத்ததா, செர்ட்பாட்டா, கேடியா?

"இலவசச் சான்றிதழ் பாதுகாப்பானதுதானா?" சர்வருக்கு எச்டிடிபிஎஸ் (குறியாக்கப்பட்ட இணைப்பு) போட வருகிற பலரும் முதலில் கேட்பது இதைத்தான். லெட்ஸ் என்கிரிப்ட் என்ற அமைப்பு இலவசமாகத் தருவதற்கும் காசு கொடுத்து வாங்குவதற்கும் குறியாக்கத்தின் பலத்தில் வித்தியாசம் கிடையாது. நான் பார்ப்பது வேறு: அடுத்த முறை அதைப் புதுப்பிக்கப் போவது யார், ஆளா, நிரலா?

காசு கொடுத்து வாங்கும் வழியில் பெரும்பாலும் ஆள்தான். சர்வரில் பிரைவேட் கீ என்ற ரகசியச் சாவியையும் சிஎஸ்ஆர் என்ற விண்ணப்பக் கோப்பையும் உருவாக்கி, சிஎஸ்ஆரை மட்டும் அனுப்ப வேண்டும். கீயையும் நாங்களே உருவாக்கித் தருகிறோம் என்று விற்பவர் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். அது உங்கள் சர்வரைத் தாண்டி இன்னொருவர் கையில் இருக்கவே கூடாது. திரும்பி வருவதில் உங்கள் சான்றிதழும், அதை உலாவி நம்பும் மூலச் சான்றிதழோடு இணைக்கும் இடைநிலைச் சான்றிதழும் பெரும்பாலும் தனித்தனிக் கோப்புகளாக இருக்கும். என்ஜின்எக்ஸ் என்ற வலை சர்வருக்கு உங்களுடையது மேலே, இடைநிலை கீழே என்று ஒரே கோப்பாகச் சேர்த்துக் கொடுக்க வேண்டும். இடைநிலையை விட்டுவிட்டாலும் லேப்டாப் குரோமில் தளம் திறந்துவிடும், விட்டுப்போனதை அது தானே தேடி எடுத்துக்கொள்ளும். ஆண்ட்ராய்டு ஆப்பும் கர்ல் என்ற கட்டளைக் கருவியும் அப்படித் தேடாமல் இணைப்பையே மறுத்துவிடும். தவறு எங்கே என்று தெரியாமல் ஒரு நாள் முழுக்க ஆப் எழுதியவரோடு சண்டை போடுவீர்கள்.

முகவரிப் பட்டையில் நிறுவனப் பெயர் தெரியுமே என்று முன்பு விலை உயர்ந்த சான்றிதழை வாங்கினார்கள். 2019இல் குரோமும் ஃபயர்பாக்ஸும் அதை அங்கிருந்து எடுத்துவிட்டன. ஒப்பந்தத்தில் நிறுவனப் பெயருள்ள சான்றிதழ்தான் வேண்டும் என்று எழுதியிருந்தால் வாங்குங்கள். இல்லையென்றால் எனக்குக் காரணம் தெரியவில்லை. காலமும் சுருங்குகிறது: 398 நாளாக இருந்த அதிகபட்ச ஆயுள் 2026 மார்ச் 15 முதல் 200, 2027இல் 100, 2029இல் 47 நாள். வருடத்துக்கு ஒரு முறை கையால் செய்த வேலையை எட்டு முறை செய்ய யாரால் முடியும்?

செர்ட்பாட் என்பது லெட்ஸ் என்கிரிப்டிடம் சான்றிதழ் வாங்கித் தரும் நிரல், அந்த வேலையை அது தானே செய்கிறது. லெட்ஸ் என்கிரிப்டின் வழக்கமான சான்றிதழ் 90 நாள்தான். செர்ட்பாட் தினமும் இரண்டு முறை தேதியைப் பார்த்து, காலம் நெருங்கினால் தானே புதுப்பிக்கும். ஆனாலும் நான் ஒரு முறை சறுக்கினேன். தெரிந்தவர் ஒருவரின் கடைத் தளத்துக்குச் சான்றிதழை மட்டும் எடுத்துவிட்டு, என்ஜின்எக்ஸ் அமைப்பைக் கையால் எழுதினேன். மூன்று மாதம் கழித்து ஞாயிற்றுக்கிழமை காலையில் போன்: "தம்பி, தளத்தைத் திறந்தா சிவப்பா எச்சரிக்கை வருதுப்பா." உள்ளே போய்ப் பார்த்தால் வட்டில் புதிய சான்றிதழ் ஒரு மாதமாக இருக்கிறது, என்ஜின்எக்ஸ் பழையதையே நினைவில் வைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தது. புதுப்பித்ததும் என்ஜின்எக்ஸை ரீலோட் செய்யும் ஹுக்கை (தானாக ஓடும் கட்டளையை) நான் போடவில்லை. செர்ட்பாட்டின் என்ஜின்எக்ஸ் பிளக்இன்னையே பயன்படுத்தியிருந்தால் அது தானே ரீலோட் செய்திருக்கும்.

கேடி என்ற வலை சர்வரில் இந்தச் சிக்கலே வராது. வலை சர்வரும் சான்றிதழ் வேலையும் ஒரே நிரலுக்குள். டொமைன் பெயரை எழுதி, போர்ட் 80, 443 திறந்திருந்தால் போதும், மீதியை அது பார்த்துக்கொள்ளும். டாக்கரில் (நிரலைக் கன்டெய்னர் என்ற தனிப் பெட்டிக்குள் ஓட்டும் முறை) ஓட்டுபவர்கள் மட்டும் சான்றிதழ் சேமிக்கும் டேட்டா அடைவை, பெட்டி போனாலும் நிலைக்கும் வால்யூமாக வையுங்கள். வைக்காவிட்டால் கன்டெய்னரைப் புதிதாகக் கட்டும் ஒவ்வொரு முறையும் புதுச் சான்றிதழ் கேட்கும். அதே பெயர்களுக்கு ஒரு வாரத்தில் ஐந்துக்கு மேல் லெட்ஸ் என்கிரிப்ட் தராது.

துணை டொமைன்கள் எல்லாவற்றுக்கும் ஒரே வைல்டுகார்டு சான்றிதழ் வேண்டுமா? எந்த நிரலானாலும் டிஎன்எஸ் வழிச் சரிபார்ப்புதான்: டொமைன் உங்களுடையது என்று அதன் டிஎன்எஸ் பதிவில் ஒரு வரி சேர்த்துக் காட்ட வேண்டும். உங்கள் டிஎன்எஸ் நிறுவனத்துக்கு ஏபிஐ (நிரல் வழியாகப் பதிவை மாற்றும் வசதி) இல்லையென்றால் அதைத் தானியக்கமாக்குவது கஷ்டம்.

புதிதாகத் தொடங்குகிறவருக்கு நான் சொல்வது கேடி. என்ஜின்எக்ஸ் ஏற்கெனவே நன்றாக ஓடுகிறது என்றால் அதைப் பிடுங்காதீர்கள், பிளக்இன்னோடு செர்ட்பாட் போதும். எதை வைத்தாலும், காலாவதித் தேதியைச் சர்வருக்கு வெளியிலிருந்து பார்க்கும் ஒரு கண்காணிப்பும் போட்டுவிடுங்கள். லெட்ஸ் என்கிரிப்ட் அனுப்பிவந்த எச்சரிக்கை மின்னஞ்சலும் 2025 ஜூனோடு நின்றுவிட்டது.