போர்டில் இருக்கும்போதே கெபாசிட்டரைச் சோதிக்க: எம்இஎஸ்ஆர்-100

கோத்தகிரியில் டிவி ரிப்பேர் பார்க்கிறேன். மார்கழி பிறந்தால் ஒரே புகாரோடு செட்டுகள் வரும்: "காலையில சிவப்பு லைட் மட்டும் மின்னுது, வெயில் ஏறினா தானா ஓடுது." பெரும்பாலும் காரணம் பவர் போர்டில் உள்ள எலக்ட்ரோலைட்டிக் கெபாசிட்டர்தான். அதற்குள் இருக்கும் திரவம் காயக் காய ஈஎஸ்ஆர், அதாவது கெபாசிட்டரின் உள் ரெசிஸ்டன்ஸ், ஏறும், குளிரில் இன்னும் ஏறும். முன்பெல்லாம் ஹேர் டிரையரால் ஒவ்வொன்றாகச் சூடு காட்டித்தான் கண்டுபிடிப்பேன்.

இப்போது எம்இஎஸ்ஆர்-100 மீட்டர் வைத்திருக்கிறேன். போர்டிலிருந்து கழற்றாமலே ஈஎஸ்ஆரை 100 கிலோஹெர்ட்ஸில் சோதிக்கும், 0.001 முதல் 100 ஓம் வரை காட்டும். மிகக் குறைந்த வோல்ட்டேஜ் என்பதால் பக்கத்திலுள்ள டயோடு, டிரான்சிஸ்டர் எதுவும் குறுக்கே வராது.

போன வாரம் வந்த பவர் போர்டில் 1000 மைக்ரோஃபாரட், 16 வோல்ட் கெபாசிட்டர் ஒன்று 1.9 ஓம் காட்டியது. கெட்டதற்கு அடையாளமாகத் தலை உப்பவும் இல்லை. கழற்றி மல்டிமீட்டரில் பார்த்தால் 880 மைக்ரோஃபாரட். 20 சதவீதம் கூடக் குறைய இருக்கலாம் என்பதால் மல்டிமீட்டரை மட்டும் நம்பியிருந்தால் அதை நல்லது என்று விட்டிருப்பேன். அதே அளவில் புதிய லோ ஈஎஸ்ஆர் கெபாசிட்டர் 0.04 ஓம்தான். மாற்றிக் கொடுத்தேன். மறுநாள் விடியற்காலைப் பனியிலேயே செட் முதல் தடவையில் ஆன் ஆனதாக செட்டின் சொந்தக்கார அம்மா போன் செய்தார்.

ஆனால் எண்ணை மட்டும் பார்த்து முடிவெடுக்கக் கூடாது. 1 மைக்ரோஃபாரட், 50 வோல்ட் கெபாசிட்டர் புதிதாக இருந்தாலே சில ஓம் காட்டும். அது கோளாறு இல்லை. இரண்டு கெபாசிட்டர் பேரலலில் இருந்தால் நல்லது கெட்டதை மறைத்துவிடும். ஒன்றின் ஒரு கால் கம்பியையாவது கழற்றித்தான் பார்க்க வேண்டும். ஷார்ட் ஆன கெபாசிட்டரும் இதில் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் காட்டி ரொம்ப நல்லதுபோல் தெரியும். அதனால் மல்டிமீட்டரில் ஷார்ட் பார்க்கும் வேலையை நான் விட்டுவிடவில்லை. அப்புறம், முதலில் இரண்டு புரோபையும் ஒட்டவைத்து ஜீரோ செய்துகொள்ளுங்கள். இல்லையென்றால் 0.04 ஓமில் பாதி ஒயருடையதாக இருக்கும்.

மெயின் கெபாசிட்டரில், அதாவது கரண்ட் உள்ளே வரும் பக்கத்தில் இருக்கும் பெரிய கெபாசிட்டரில், மட்டும் அவசரப்படாதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் 300 வோல்ட்டுக்கு மேல் நிற்கும். மீட்டரும் போகும், கையும் போகும். நான் 60 வாட் குண்டு பல்பை அதன் குறுக்கே வைத்து இறக்கி, மல்டிமீட்டரில் வோல்ட் பார்த்த பிறகுதான் புரோபை வைக்கிறேன்.