மலேசியப் பொதுப் பூப்பந்துப் போட்டிக்கு வருகிறீர்களா? தங்குமிடத்தை இரவு ரயிலைப் பார்த்துப் பிடியுங்கள்

ஜனவரியில் மலேசியப் பொதுப் பூப்பந்துப் போட்டி பார்க்கக் கோலாலம்பூர் வருகிறவர்கள் பெரும்பாலும் இரண்டில் ஒன்றைச் செய்கிறார்கள். ஆட்டம் நடக்கும் புக்கிட் ஜாலில் உள்ளரங்கத்துக்குப் பக்கத்தில் எந்த அறை கிடைத்தாலும் போதும் என்று பிடிக்கிறார்கள். இல்லையென்றால் நம் சாப்பாடு கிடைக்கும் என்று கண்ணை மூடிக்கொண்டு இந்தியக் கடைகள் நிறைந்த பிரிக்பீல்ட்சில் அறை போடுகிறார்கள். இரண்டிலும் நன்மை உண்டு. ஆனால் ஆறு நாளும் உட்கார்ந்து பார்க்க வருகிறவருக்கு எங்கள் முதல் பரிந்துரை மஸ்ஜிட் ஜாமெக் வட்டாரம்.

காரணம் ஆட்ட அட்டவணையில் இருக்கிறது. போட்டி செவ்வாயில் தொடங்கி ஞாயிறு முடியும். ஐந்து பிரிவு, ஒவ்வொன்றிலும் 32 இடம். முதல் சுற்றின் 80 ஆட்டங்களும் செவ்வாய், புதன் இரண்டே நாளில் நடந்தாக வேண்டும். வியாழன் 40, வெள்ளி 20, சனி 10, ஞாயிறு ஐந்து. அதாவது முதல் மூன்று நாளும் நாளுக்குச் சுமார் 40 ஆட்டம். ஒவ்வொரு ஆட்டக்களத்திலும் முதல் ஆட்டத்துக்குத்தான் உறுதியான நேரம்; மற்றவை முந்தைய ஆட்டம் முடிந்த பிறகுதான். நான்கைந்து ஆட்டங்கள் மூன்றாவது செட் வரை இழுத்தால் போதும், கடைசி ஆட்டம் இரவு எத்தனை மணிக்கு முடியும் என்று யாராலும் சொல்ல முடியாது. எல்ஆர்டி எனும் நகர ரயில் சேவையோ நள்ளிரவை ஒட்டி நின்றுவிடும். வழியில் ரயில் மாற வேண்டியிருந்தால் இரண்டாவது ரயிலின் கடைசி நேரத்தையும் பிடித்தாக வேண்டும். காலையில் எப்படியும் போய்ச் சேர்ந்துவிடலாம். இரவு திரும்புவதுதான் பாடு.

அதனால் ரயில் மாறத் தேவையில்லாத இடமாகப் பாருங்கள். புக்கிட் ஜாலில் நிலையம் ஸ்ரீ பெட்டாலிங் தடத்தில் இருக்கிறது. நகர மையத்தில் அதே தடத்தில் வருபவை மஸ்ஜிட் ஜாமெக், பிளாசா ராக்யாட், ஹங் துவா, பூடு. மஸ்ஜிட் ஜாமெக்கில் ஏறினால் பத்தாவது நிறுத்தம் புக்கிட் ஜாலில். அரை மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். லெபோ அம்பாங், மஸ்ஜிட் இந்தியா இரண்டும் நடை தூரம். இட்லி, தோசை, நாசி கண்டார் எல்லாம் கிடைக்கும். துணிக்கடைகளில் தமிழிலேயே விலை பேசலாம். குறையும் உண்டு. லெபோ அம்பாங் அலுவலக நேரத்துத் தெரு, இரவு சீக்கிரம் அடங்கிவிடும். எனவே இரவுச் சாப்பாட்டை அரங்கத்திலேயே முடித்துக்கொள்வது நல்லது. பள்ளிவாசல்கள் அருகிலேயே இருப்பதால் விடிகாலைத் தொழுகை அழைப்பு நன்றாகக் கேட்கும். லேசாகத் தூங்குகிறவர்கள் அதையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

இங்கே புதியவர்கள் தவறாமல் சறுக்கும் இடம் ஒன்று. மஸ்ஜிட் ஜாமெக்கில் கிளானா ஜெயா தடம் நிலத்தடியில், நமக்கு வேண்டிய தடம் மேலே. மேலே ஒரே நடைமேடைக்கு இரண்டு வகை ரயில் வரும்: ஒன்று அம்பாங் போவது, மற்றது புத்ரா ஹைட்ஸ் போவது. சான் சௌ லின் வரை இரண்டும் ஒரே பாதை. அதற்குப் பிறகு பிரிந்துவிடும். நீங்கள் ஏற வேண்டியது புத்ரா ஹைட்ஸ் ரயில். அவசரத்தில் அம்பாங் ரயிலில் ஏறிவிட்டால் பதற வேண்டாம், சான் சௌ லினில் இறங்கி மாறுங்கள். திரும்பும்போது இந்தக் குழப்பமே இல்லை. செந்தூல் தீமோர் போகும் எந்த ரயிலும் உங்களை இறக்கிவிடும்.

ஹங் துவா இரண்டாவது தேர்வு. பழைய பூடு சிறை இருந்த இடத்தில் இப்போது லாலாபோர்ட் பேரங்காடி நிற்கிறது. மோனோரயிலும் அங்கே சந்திக்கிறது. குடும்பத்தோடு வந்து, ஆட்டம் இல்லாத நேரத்தில் பிள்ளைகளுக்குச் சுற்றிக்காட்ட வேண்டுமென்றால் இது மஸ்ஜிட் ஜாமெக்கைவிட வசதி. புக்கிட் பிந்தாங் இங்கிருந்து மோனோரயிலில் இரண்டே நிறுத்தம், ஆனால் அங்கே அறை எடுக்க நாங்கள் சொல்லமாட்டோம்: விலையும் கூட, இரவு இரைச்சலும் கூட.

பிரிக்பீல்ட்சுக்கு வருவோம். சாப்பாட்டில் அதை அடிக்க ஆள் இல்லை. வாழையிலைச் சோறு, சைவக் கடைகள், ஸ்காட் சாலை முருகன் கோயில், ஜனவரி இரண்டாம் வாரமென்றால் ஜாலான் துன் சம்பந்தன் ஓரம் கட்டுக்கட்டாகக் கரும்பும் பொங்கல் பானையும். சைவம் மட்டும் சாப்பிடும் பெரியவர்களோடு வந்தால் மறுபேச்சில்லாமல் இங்கேயே தங்குங்கள். ஆனால் அங்குள்ள பெரிய ரயில் நிலையமான கே.எல். சென்ட்ரல் ஸ்ரீ பெட்டாலிங் தடத்தில் இல்லை. கிளானா ஜெயா தடத்தில் இரண்டு நிறுத்தம் போய் மஸ்ஜிட் ஜாமெக்கில் மாறலாம். அல்லது மோனோரயிலில் ஹங் துவா போய் மாறலாம். உங்கள் ஹோட்டல் துன் சம்பந்தன் மோனோரயில் நிலையத்தை ஒட்டி இருந்தால் ஹங் துவா இரண்டாவது நிறுத்தம்தான், கே.எல். சென்ட்ரல் வரை நடக்க வேண்டாம். மோனோரயில் பெட்டிகள் சிறியவை, மாலையில் நிரம்பி வழியும். வெள்ளி முதல் ஞாயிறு வரை மட்டும் பார்க்க வருகிறவர்களுக்குப் பிரிக்பீல்ட்ஸ் தாராளமாகப் போதும்.

அரங்கத்துக்குப் பக்கத்திலேயே என்றால் பெரும்பாலும் கொண்டோ எனும் அடுக்குமாடி வாடகை வீடுகள்தான். 1998 காமன்வெல்த் விளையாட்டில் வீரர்கள் தங்கிய குடியிருப்பே இன்று விஸ்தா கோமன்வெல் கொண்டோ. நாலைந்து பேர் சேர்ந்து எடுத்தால் கட்டுப்படியாகும். துவைக்க, சமைக்க வசதி இருக்கும். ஆனால் பணம் கட்டும் முன் வீட்டுக்காரரிடம் ஒன்றை எழுத்தில் கேளுங்கள்: கட்டட நிர்வாகம் குறுகிய கால வாடகையை அனுமதிக்கிறதா? நிர்வாகம் தன் விதிகளில் அதைத் தடை செய்யலாம் என்று கூட்டரசு நீதிமன்றம் 2020இல் தீர்ப்பளித்திருக்கிறது. தடை உள்ள கட்டடத்தில் காவலர் கேட்டால் ‘சொந்தக்காரர் வீடு’ என்று சொல்லச் சொல்வார்கள். அப்படி ஒருவர் சொல்லிக்கொடுத்தாலே அந்த வீட்டை விட்டுவிடுங்கள். நள்ளிரவில் பெட்டியோடு காவல் சாவடியில் நிற்கிற நிலை யாருக்கும் வரக்கூடாது. அடுத்த நிறுத்தமான ஸ்ரீ பெட்டாலிங்கில் சீனச் சாப்பாட்டுக் கடைகள் வரிசையாக உண்டு, சிறிய ஹோட்டல்களும் உண்டு. அசைவம் சாப்பிடும் இளைஞர்களுக்கு நல்ல இடம்.

எங்கே எடுத்தாலும் அறையைச் சரிபாருங்கள். நகர மையத்தில் மலிவு ஹோட்டல்கள் பல, பழைய கடைவீடுகளை மாற்றிக் கட்டியவை. அந்த மனை குறுகலாக, நீளமாக இருக்கும். சன்னல் கிடைப்பது முன்னறைக்கும் பின்னறைக்கும்தான். நடு அறையில் படத்தில் திரைச்சீலை தெரியும், விலக்கினால் சுவர். வெளிச்சம் வராததோடு ஈரம் வெளியேற வழியின்றிப் பூஞ்சை நாற்றம் அடிக்கும். ஆறு இரவு தாங்காது. ‘சன்னல் உள்ள, பின்பக்க அறை, மேல்மாடி’ என்று கேட்டு வாங்குங்கள். மின்தூக்கி இருக்கிறதா என்றும் கேளுங்கள், இந்தக் கட்டடங்களில் படி செங்குத்து.

கணக்கு இன்னொன்று. சேவை வரி 8 விழுக்காடு விலையில் அடங்கியதா என்று பாருங்கள். வெளிநாட்டவருக்கு அதற்கு மேல் சுற்றுலா வரி, ஓர் அறைக்கு ஓர் இரவுக்கு 10 ரிங்கிட். 200 ரிங்கிட் அறையென்றால் இரவுக்கு 26 ரிங்கிட் கூடும். ஆறு இரவுக்கு 156. சுற்றுலா வரியைப் பெரும்பாலும் முகப்பில் தனியாக வாங்குவார்கள். மலேசியர்கள் மைகாட் அடையாள அட்டையைக் காட்டினால் அது கிடையாது.

ஆட்டம் முடிந்ததும் வாசலிலேயே கிரேப் வாடகைக் கார் அழைக்காதீர்கள்; விலை ஏறியிருக்கும், காரும் நெரிசலில் உள்ளே வர முடியாது. எல்ஆர்டியில் ஒரு நிறுத்தம் போய் ஸ்ரீ பெட்டாலிங்கில் இறங்கி அழைத்தால் சுலபம். டச் அண்ட் கோ பயண அட்டையில் காலையிலேயே பணம் போட்டுவிடுங்கள், இரவில் டோக்கன் இயந்திரத்துக்கு முன் வரிசை நீளும்.

விமான நிலையத்திலிருந்து கே.எல். சென்ட்ரலுக்கு நேராக ஓடும் எக்ஸ்பிரஸ் ரயில் 55 ரிங்கிட். புக்கிட் ஜாலில், ஸ்ரீ பெட்டாலிங் பக்கம் தங்குகிறவர்களுக்கு அது சுற்று. நின்று நின்று போகும் டிரான்சிட் ரயிலில் ஏறிப் பண்டார் தாசிக் செலாத்தானில் இறங்குங்கள். அங்கிருந்து புக்கிட் ஜாலில் இரண்டாவது நிறுத்தம்.

பினாங்கு, ஈப்போ, ஜொகூர் நண்பர்களுக்கும் அதே நிலையம்தான் உதவும், நெடுந்தூரப் பேருந்து முனையமும் அங்கேதான். ஞாயிறு இரவே ஊர் திரும்புவதாக இருந்தால் நண்பகலில் அறையைக் காலி செய்து, பெட்டியை ஹோட்டல் முகப்பில் விட்டுச் செல்லாதீர்கள். எடுக்கத் திரும்பவும் நகருக்குள் போக வேண்டிவரும். முனையத்தில் பொருள் வைப்பிடத்தில் போட்டுவிட்டு அரங்கத்துக்குப் போங்கள். பேருந்துச் சீட்டை எடுக்கும்போது ஐந்து இறுதியாட்டங்களும் பரிசளிப்பும் முடிந்து இரண்டு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். உள்ளூர் ஜோடி ஒன்று இறுதியாட்டத்தில் இருந்தால் கடைசிப் புள்ளி வரை ஒருவரும் எழமாட்டார்கள், பிறகு எல்லோரும் ஒரே நேரத்தில் நிலையத்துக்குத்தான் வருவார்கள்.