“இரு தரப்பினர் மோதல்” என்று எழுதலாமா? உலகப் பொதுநெறியும் உள்ளூர் நெறிகளும்

குற்றச் செய்தியில் இனத்தையோ சாதியையோ போடலாமா? இதில் உலகுக்கெல்லாம் ஒரே விதி ஒரு பக்கம், அந்தந்த மண்ணுக்கான விதி மறுபக்கம்.

சர்வதேச பத்திரிகையாளர் கூட்டமைப்பு 2019-இல் துனிஸில் ஏற்ற நெறிமுறைச் சாசனத்தில் 16 பிரிவுகள் உண்டு. இனம், மதம், சமூகப் பின்னணி பார்த்துப் பாகுபாடு பரவத் துணைபோகாதே என்கிறது. சரிதான். ஆனால் பக்கத்தை முடிக்கும் அவசரத்தில் இருக்கும் உதவி ஆசிரியருக்கு எந்தச் சொல்லை வெட்டுவது என்று அது சொல்வதில்லை.

ஜெர்மன் பத்திரிகைகளின் சுயக் கண்காணிப்பு அமைப்பான பிரஸ் கவுன்சிலின் நெறிமுறை 12.1 இதைச் சொல்ல முயல்கிறது. செய்தியோடு தொடர்பு இருந்தால் மட்டுமே குற்றவாளியின் இனத்தைச் சொல்லலாம் என்பது பழைய வாசகம். 2015 டிசம்பர் 31 இரவு கொலோன் நகரில் பெண்கள் மீது நடந்த தாக்குதல்களுக்குப் பிறகு, சந்தேக நபர்களின் பின்னணியை ஊடகங்கள் மறைக்கின்றன என்ற புகார் வெடித்தது. டிரெஸ்டன் நகர நாளிதழ் ‘சேக்சிஷே சைட்டுங்’ 2016-இல் ஒரேயடியாக, குற்றவாளி ஜெர்மானியராக இருந்தாலும் அவர் நாட்டைப் போடுவது என முடிவெடுத்தது. கவுன்சில் அந்த வழிக்குப் போகவில்லை. 2017-இல் ‘நியாயமான பொதுநலன்’ வேண்டும், வெறும் ஆர்வம் போதாது என்று வாசகத்தைத் திருத்தியது.

நம் ஊர் வழக்கம் வேறு. கலவரச் செய்தியில் சமூகப் பெயர் வேண்டாம், ‘ஒரு பிரிவினர்’ போதும். பக்கத்து ஊரில் பதிலடி விழும் என்ற அச்சம் பொய்யல்ல. முதல் நாளில் இந்த அடக்கம் உயிரைக் காக்கும். சிக்கல், கலவரத்துக்கான விதியை வன்கொடுமைக்கும் மாட்டிவிடுவதில்தான். பட்டியல் சாதியினர் தெருவில் கும்பல் புகுந்து வீடுகளை எரித்தால் ‘இரு தரப்பினர் மோதல்’ என்று வருகிறது. அடித்தவரும் அடிபட்டவரும் ஒரே தராசில். ஊர்ப்பெயரைப் பார்த்ததுமே உள்ளூர்க்காரருக்கு எல்லாம் புரிந்துவிடும். மறைவது வெளியூர் வாசகருக்கு மட்டுமே. ‘மாற்றுச் சமூகத்தினர்’ என்பது இன்னும் வேடிக்கை. யாருக்கு மாற்று?

சட்டமும் இங்கே குறுக்கே நிற்கிறது. 1989-ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி, குற்றம் சாட்டப்பட்டவர் பட்டியல் சாதியையோ பழங்குடியையோ சேராதவராக இருக்க வேண்டும். சாதி குற்றத்தின் ஓர் உறுப்பு. அதை எடுத்துவிட்டால் அந்தப் பிரிவில் ஏன் வழக்கு என்பது விளங்காது.

என் கணக்கில், செய்திக்கு அந்த அடையாளம் தேவையா என்ற ஜெர்மன் உரைகல்லே இங்கும் பொருந்தும். சாதிச் சொல்லை அடித்துவிட்டுச் செய்தியைப் படியுங்கள். நகைப் பறிப்பில் ஒன்றும் குறையாது, அப்படியே விடுங்கள். காதல் திருமணத்துக்காக நடந்த கொலையில் காரணமே காணாமல் போகும். அங்கே சொல் திரும்ப வர வேண்டும். வரும்போது ‘இன்ன சாதியினர் தாக்கினர்’ என்று மொத்தமாகப் பழி போடாமல், முதல் தகவல் அறிக்கையைச் சான்று காட்டி ‘இன்ன சாதியைச் சேர்ந்த 6 பேர் மீது வழக்கு’ என்று எழுதலாம். செத்தவருக்கு மட்டும் ‘பட்டியலின இளைஞர்’ என அடையாளம் கொடுத்து, கொன்றவர்களை ‘மர்ம கும்பல்’ ஆக்குவதுதான் இன்று செய்தி டெஸ்க்குகளில் அதிகம் நடக்கும் பிழை.