சாரலில் மட்டும் ஸ்டார்ட் ஆகாத கார்: இம்மொபிலைசர் பழுது பார்த்து மூன்று வருடம்

வண்டி 2010 ஏப்ரலில் வாங்கியது. 1.2 லிட்டர் பெட்ரோல் ஹேட்ச்பேக். அந்த மாடலை நிறுத்தியே பத்து வருடத்துக்கு மேல் ஆகிறது. எந்தக் கம்பெனி என்று எழுதவில்லை. நான் சொல்லப்போகிற பழுது, சரியான சாவி இல்லாமல் எஞ்சின் ஓடாதபடி தடுக்கும் இம்மொபிலைசரில் வந்தது. அந்தக் காலத்து வண்டி எதற்கும் வரக்கூடியது. 2017 முடிவில் செவ்ரோலெட் இந்தியாவில் விற்பனையை நிறுத்தியது. 2021 செப்டம்பரில் ஃபோர்டு இங்கே தயாரிப்பை நிறுத்துவதாக அறிவித்தது. கடை திறந்திருக்கிற கம்பெனிகளும் எத்தனையோ மாடல்களைக் கைவிட்டுவிட்டன. அப்படிப்பட்ட வண்டிகளை இன்னும் ஆசையாக ஓட்டிக்கொண்டிருப்பவர்களுக்குத்தான் இது.

நான் இருப்பது செங்கோட்டை. ஜூன் பிறந்துவிட்டால் மலைக்கு அந்தப் பக்கம் ஆரியங்காவு, தென்மலையில் மழை கொட்டும். அதில் மிச்சம் இருப்பது இந்தப் பக்கம் சாரலாக இறங்கும். நாள் முழுக்க வெயிலே இல்லாமல், துணி காயாமல், சுவரெல்லாம் குளிர்ந்து கிடக்கும். குற்றாலத்துக்குக் குளிக்க வருகிறவர்களுக்கு அது சுகமான காலம். டேஷ்போர்டுக்குப் பின்னால் ஒரு சின்ன கருப்புப் பெட்டிக்குள் இருக்கும் சர்க்யூட் போர்டுக்கு அது கெட்ட காலம் என்று எனக்கு 2022 ஜூனில்தான் தெரிந்தது.

அன்று காலை சாவியைத் திருப்பினேன். செல்ஃப் நன்றாக அடித்தது, எஞ்சினும் பிடித்தது, இரண்டே நொடியில் அணைந்தது. மறுபடியும் அதேதான். மீட்டரில் சாவி படம் போட்ட சிவப்பு விளக்கு படபடவென்று மின்னியது. அப்போது அந்த விளக்கை நான் ஒரு பொருட்டாகவே எடுக்கவில்லை. மதியம் சாரல் விட்டு லேசாக வெயில் அடித்ததும் வண்டி ஒன்றுமே நடக்காதது போல ஸ்டார்ட் ஆனது.

பிடித்த உடனே அணைகிறது என்றால் பெட்ரோல் வரவில்லை என்றுதான் யாரும் நினைப்பார்கள். பக்கத்து மெக்கானிக்கும் அப்படித்தான் நினைத்து ஃபில்டர், பம்ப் ரிலே இரண்டையும் மாற்றினார். 4,200 ரூபாய். பத்து நாள் நன்றாக ஓடியது, ஏனென்றால் அந்தப் பத்து நாளும் சாரல் இல்லை. ஜூலை முதல் வாரம் சாரல் திரும்ப வந்தது, பழுதும் வந்தது. இந்தத் தடவை மதியமும் ஸ்டார்ட் ஆகவில்லை.

கட்டி இழுத்துக்கொண்டு ஒரு சர்வீஸ் சென்டருக்குப் போனேன். ஸ்கேனர் போட்டதும் ‘சாவி அடையாளம் தெரியவில்லை’ என்று வந்தது. ஈசிஎம் (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்), இம்மொபிலைசர் பெட்டி, இரண்டு சாவி, பூட்டு செட் எல்லாவற்றையும் ஒன்றாக மாற்ற வேண்டும், 38,000 ரூபாய் ஆகும் என்றார்கள். சரி, மாற்றிவிடுங்கள் என்று சொல்லலாம் என்றால், பெட்டி ஸ்டாக்கில் இல்லை, ஆர்டர் போட்டாலும் வருமா என்று உறுதி சொல்ல முடியாது என்றார்கள். அம்மாவை மாதம் ஒரு முறை திருவனந்தபுரத்துக்கு மருத்துவமனைக்குக் கூட்டிப்போகிற வண்டி அது. வயிற்றைக் கலக்கியது.

இங்கே நான் செய்த ஒரு தவறைச் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் நிறையப் பேர் இதையே செய்கிறார்கள். காயலான் கடையில் அதே மாடல் வண்டியின் இம்மொபிலைசர் பெட்டி 2,500 ரூபாய்க்குக் கிடைத்தது. சாக்கெட் கச்சிதமாகப் பொருந்தியது. வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை, ஆகவும் ஆகாது. அந்தப் பெட்டியின் நினைவகத்தில் இருப்பது வேறு ஒருவரின் சாவி. பழைய சாமான் வாங்குவதென்றால் ஒரே வண்டியிலிருந்து கழற்றிய ஈசிஎம், பெட்டி, சாவிச் சிப் மூன்றையும் சேர்த்து வாங்க வேண்டும். தனிப் பெட்டி மட்டும் வாங்குவது வீண் செலவு.

இந்த அமைப்பு வேலை செய்யும் விதம் தெரிந்தால் பழுதைத் தேடுவது எளிது. சாவியின் பிளாஸ்டிக் தலைக்குள் ஒரு சிப் இருக்கிறது. அதற்கு பேட்டரி கிடையாது. ரிமோட்டில் போடும் வட்ட பேட்டரிக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. சாவி நுழையும் துளையைச் சுற்றி ஒரு செம்புக் கம்பிச் சுருள் உண்டு, அதுதான் காயில். இக்னிஷன் போட்டதும் அந்தக் காயில் 125 கிலோஹெர்ட்ஸில் ஒரு காந்தப்புலத்தை உண்டாக்கும். சிப் அதிலிருந்தே மின்சாரம் எடுத்து விழித்துக்கொள்ளும். பெட்டி ஒரு கேள்வி கேட்கும், சிப் தன் ரகசியத்தை வைத்து விடை சொல்லும். விடை சரியென்றால் பெட்டி ஈசிஎம்முக்குச் சம்மதம் சொல்லும். சம்மதம் வராவிட்டால் ஈசிஎம், பெட்ரோல் தெளிக்கும் இன்ஜெக்டரை நிறுத்திவிடும். எஞ்சின் பிடித்து அணைந்ததற்குக் காரணம் இதுதான். ஆக, சாவிச் சிப், காயில், பெட்டி, ஒயரிங், ஈசிஎம் ஆகிய ஐந்தில் ஒன்றுதான் கெட்டிருக்க முடியும். ஐந்தையும் மாற்ற வேண்டிய அவசியமே இல்லை.

புனலூரில் ஒரு ஆட்டோ எலக்ட்ரீஷியன் இருக்கிறார். கொல்லம் பக்கம் லாரி ஓட்டும் என் மச்சான் சொல்லி அவரிடம் போனேன். பட்டறையில் எல்லோரும் அவரை ஆசான் என்றே கூப்பிடுகிறார்கள். வண்டியை ரெக்கவரி வேனில் புளியரை செக்போஸ்ட் தாண்டி மலை ஏற்றிக் கொண்டுபோக 3,000 ஆனது. ஆசான் பானெட்டைத் திறக்கவே இல்லை. சிவப்பு விளக்கைப் பார்த்தார்.

“மழையத்து மாத்ரமாணோ அண்ணாச்சி?”

மழையில் மட்டும்தானா என்று கேட்டார். ஆமாம் என்றேன். முதலில் பேட்டரியைப் பார்த்தார். சும்மா நிற்கும்போது 12.5 வோல்ட், செல்ஃப் அடிக்கும்போது 10.4. பேட்டரி மேல் குற்றமில்லை. பேட்டரி தளர்ந்து ஒன்பது வோல்ட்டுக்குக் கீழே போனாலும் இதே விளக்கு மின்னலாம், அதனால் இம்மொபிலைசரைச் சந்தேகிக்கிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது அதுதான். அப்புறம் காயிலின் இரண்டு முனையிலும் மீட்டர் வைத்தார், அறுபடவில்லை. இரண்டாவது சாவியைப் போட்டுப் பார்த்தார், அதே கதை. இரண்டு சிப்பும் ஒரே நாளில் சாகாது என்றார்.

பிறகு ஸ்டியரிங்குக்குக் கீழே இருந்த மூடியைக் கழற்றி, பெட்டியை ஒயரோடு தொங்கவிட்டு, வீட்டிலிருந்து தலைமுடி காய வைக்கும் டிரையரைக் கொண்டுவரச் சொன்னார். மூன்று நிமிடம் அந்தப் பெட்டியின் மேல் சூடு காட்டினார், கையால் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டே. “இப்ப அடிங்க” என்றார். சாவியைத் திருப்பினேன். விளக்கு ஒரு முறை எரிந்து அணைந்தது. வண்டி ஸ்டார்ட் ஆகி ஓடிக்கொண்டே இருந்தது, அணையவில்லை. ஒரு மாதமாக இரண்டு நொடிக்கு மேல் கேட்காத சத்தம். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

“பேடிக்கண்டா (பயப்பட வேண்டாம்). போர்டுதான். ஆனா நான் சால்டர் வைக்க மாட்டேன், நல்ல போர்டு ஆளைப் பாருங்க” என்று சொல்லி 800 ரூபாய் மட்டும் வாங்கிக்கொண்டார். தன்னால் எது முடியும், எது முடியாது என்று தெரிந்த ஆளிடம் வண்டியை விடுவது பெரிய நிம்மதி.

போர்டு ஆள் தென்காசியில் கிடைத்தார். இன்வெர்ட்டர், டிவி, வாஷிங் மிஷின் போர்டு எல்லாம் பார்ப்பவர். கார் வேலை அவருக்குப் புதிது, அதை முதலிலேயே சொல்லிவிட்டார். பெட்டியைத் திறந்து பூதக்கண்ணாடியை என் கையில் கொடுத்தார். சாக்கெட் கால்களைச் சுற்றிப் பச்சையாகக் களிம்பு படிந்திருந்தது, பித்தளைக் குடத்தின் அடியில் இருக்குமே, அதே பச்சை. மூன்று கால்களைச் சுற்றி ஈயத்தில் மயிரிழை போல வட்டமாக விரிசல். டிரை சால்டர். அப்புறம் பவர் பகுதியில் ஒரு சின்ன கெப்பாசிட்டர், அடியில் கசிந்து போர்டில் பழுப்பு வட்டம் போட்டிருந்தது. சூடு காட்டினால் ஈரம் காய்கிறது, விரிசலும் ஒன்றோடொன்று முட்டிக்கொள்கிறது. டிரையரில் வண்டி ஸ்டார்ட் ஆனதன் காரணம் கண்ணெதிரே இருந்தது.

அவர் ஈயத்தைத் தொடுவதற்கு முன் நான் ஒன்றை வற்புறுத்திக் கேட்டேன்: முதலில் நினைவகத்தைப் படித்து வையுங்கள். எட்டுக் கால் உள்ள சின்ன ஐசி, 24சி02. மொத்தம் 256 பைட்தான். ஆனால் சாவிகளின் அடையாளம், ஈசிஎம்மோடு பேசும் ரகசியம் எல்லாம் அதற்குள். அது அழிந்தால் வண்டி உண்மையாகவே செத்துவிடும். கிளிப் போட்டு போர்டில் வைத்தே படித்தபோது ஒவ்வொரு தடவையும் வேறு வேறாக வந்தது. கிளிப்பில் கொடுக்கும் மின்சாரம் பக்கத்தில் இருக்கும் மைக்ரோகன்ட்ரோலரையும் (பெட்டியை இயக்கும் சிப்) எழுப்பிவிடுகிறது என்றார். ஹாட் ஏரில் ஐசியைக் கழற்றி, தனியாக வைத்து மூன்று முறை படித்து, மூன்றும் ஒன்றா என்று ஒப்பிட்டு, ஃபைலை என் பென்டிரைவில் போட்டுக் கொடுத்தார். சில வண்டிகளில் இந்த விவரம் மைக்ரோகன்ட்ரோலருக்குள்ளேயே இருக்கும், அதைப் படிக்க வேறு கருவி வேண்டும். என் வண்டியில் தனி ஐசியாக இருந்தது நல்ல காலம்.

மற்ற வேலை ஒரு மணி நேரம். களிம்பை ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்ட பிரஷ்ஷால் தேய்த்து எடுத்தார், பழைய ஈயத்தை உறிஞ்சிவிட்டுப் புது ஈயம் வைத்தார், கெப்பாசிட்டரை 105 டிகிரி தாங்கும் வகையாக மாற்றினார், கடைசியில் சாக்கெட் வாயை மட்டும் விட்டுவிட்டுப் போர்டு முழுக்க ஈரம் படாதபடி பூச்சு அடித்தார். 1,500 ரூபாய். அவருக்கு அதைவிட அதிகம் கொடுத்திருக்க வேண்டும் என்று இன்றும் நினைக்கிறேன்.

பழுது தீர்ந்தது, ஆனால் தண்ணீர் எப்படி உள்ளே வந்தது என்பது பாக்கி. பத்துப் பன்னிரண்டு வருடமாக வண்டி நிற்பது வீட்டு வாசலில் புளிய மரத்தடியில். வைப்பருக்குக் கீழே இருக்கும் பிளாஸ்டிக் மூடியைக் கழற்றினால் உள்ளே ஒரு முறம் புளியிலை, மக்கி மண்ணாகிக் கிடந்தது. வேப்பிலை, மாவிலை என்றால் சல்லடையில் நின்றுவிடும். புளியிலை பொடியாக இருப்பதால் உள்ளே போய் வடிகால் துளையை அடைத்துவிட்டது. வழியில்லாத தண்ணீர் ஒயரிங் கட்டு நுழையும் ரப்பர் வழியாக டேஷ்போர்டுக்குள் இறங்கி, ஒயரைப் பிடித்துக்கொண்டே நேராகப் பெட்டியின் சாக்கெட்டில் வந்து சொட்டியிருக்கிறது. துளையைச் சுத்தம் செய்து, ரப்பரை மாற்றி, பெட்டிக்கு வரும் ஒயரைக் கீழே ஒரு வளைவு விட்டு மேலே ஏறும்படி கட்டினேன். இனி தண்ணீர் வந்தாலும் வளைவின் அடியில் சொட்டிவிடும். இதைச் செய்யாமல் போர்டை மட்டும் சரிசெய்திருந்தால் அடுத்த சாரலுக்கு மறுபடியும் தென்காசிக்குப் போயிருப்பேன்.

அந்த மாதத்திலேயே ஒருவர் 3,500 ரூபாய்க்கு இம்மொபிலைசரையே ஈசிஎம்மிலிருந்து எடுத்துவிடுகிறேன் என்றார். ‘இம்மோ ஆஃப்’ என்று இதற்குப் பெயர். ஒரே நாளில் தலைவலி தீர்ந்துவிடும் என்பது உண்மை. நான் ஒத்துக்கொள்ளவில்லை. ஐரோப்பாவில் 1998 அக்டோபரிலிருந்து புதுக் கார்களில் இதைக் கட்டாயம் ஆக்கினார்கள் என்றால் அதற்குக் காரணம் இருக்கிறது. என் சாவியில் இருக்கும் ஹிடாக்2 வகைச் சிப்பின் ரகசியத்தை 2012லேயே ஆய்வாளர்கள் ஆறு நிமிடத்தில் உடைத்துக் காட்டியிருக்கிறார்கள், அதுவும் தெரியும். ஆனால் இரவில் வாசலில் நிற்கும் பழைய வண்டிக்குக் கம்பியோடு வருகிற திருடனிடம் அந்தக் கருவி இருக்காது. வண்டி திருட்டுப் போனால் இன்சூரன்ஸில் முதலில் கேட்பது இரண்டு ஒரிஜினல் சாவியும் எங்கே என்றுதான். பூட்டை நாமே எடுத்துவிட்டு அங்கே போய் நிற்க எனக்கு மனம் வரவில்லை. அந்தப் பணத்தில் ஏறக்குறைய பாதிக்கு, 1,800 ரூபாய்க்கு, மூன்றாவதாக ஒரு சிப் சாவி போட்டுக்கொண்டேன். இரண்டு சாவியும் கையில் இருக்கும்போதே போட்டுக்கொள்வதுதான் மலிவு.

இப்போது மூன்று வருடம், 31,000 கிலோமீட்டர். 2023 டிசம்பர் 17, 18ல் தென் மாவட்டங்களை மூழ்கடித்த மழை யாருக்கும் மறந்திருக்காது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது. செங்கோட்டையிலும் இரண்டு நாள் விடாமல் பெய்தது. மூன்றாம் நாள் காலை பயந்துகொண்டே சாவியைத் திருப்பினேன். முதல் அடியிலேயே ஸ்டார்ட்.

ஒரே ஒரு முறை, 2024 ஆகஸ்டில், சிவப்பு விளக்கு மறுபடியும் மின்னியது. நெஞ்சு நின்றுவிட்டது. காரணம் சாவிக் கொத்து. தங்கை தன் காரின் சாவியையும் என் வளையத்திலேயே மாட்டியிருந்தாள். இரண்டு சிப்பும் ஒரே காயிலுக்குப் பக்கத்தில் இருந்தால் ஒன்றின் பேச்சை இன்னொன்று குழப்பிவிடும். அதைக் கழற்றியதும் சரியாகிவிட்டது. அதற்குப் பிறகு என் சாவியைத் தனி வளையத்தில்தான் வைத்திருக்கிறேன்.

எல்லாம் குறையில்லை என்று சொல்ல மாட்டேன். சாக்கெட்டில் இரண்டு பின் கொஞ்சம் தளர்வாகத்தான் இருக்கின்றன, புதுச் சாக்கெட் எங்கும் கிடைக்கவில்லை. வருடம் ஒரு முறை மே மாதக் கடைசியில் பெட்டியை வெளியே எடுத்து, பின்களைத் துடைத்து, இறுக்கிப் போடுகிறேன். கூடவே புளியிலையையும் அள்ளுகிறேன். அரை மணி நேர வேலை. ஈசிஎம்முக்கு இன்னும் இதுபோல ஒரு நகல் எடுக்கவில்லை, அதுதான் மனதில் உறுத்திக்கொண்டிருக்கிறது. அதையும் படித்துத் தர தென்காசிக்காரர் ஒப்புக்கொண்டிருக்கிறார்.

2025 ஏப்ரலில் வண்டிக்குப் பதினைந்து வருடம் முடிந்தது. ஆர்சியை இன்னும் ஐந்து வருடத்துக்குப் புதுப்பித்துவிட்டேன். 256 பைட் ஃபைல் ஒரு பென்டிரைவில் வீட்டு பீரோவில் இருக்கிறது, இன்னொன்று புனலூரில் ஆசானின் மேசை டிராயரில்.