உவேனோவில் "சகுரா அத்தர்" விற்றால் வாங்கிவிடாதீர்கள்

போன மார்ச் கடைசியில் சகுரா, அதாவது செர்ரிப் பூ, பார்க்க டோக்கியோவின் உவேனோ பூங்காவுக்குப் போய், 5,800 யென்னைத் தொலைத்துவிட்டு வந்தேன். அடுத்த வசந்தத்துக்கு டிக்கெட் எடுத்து வைத்திருப்பவர்கள் உஷாராக இருக்கட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

பூங்காவுக்குப் போகும் வழியில் ஒரு நினைவுப்பொருள் கடை. கட்டைவிரல் உயரக் கண்ணாடிக் குப்பி, உள்ளே இளஞ்சிவப்புத் திரவம். "இந்த மரங்களின் பூவிலிருந்தே வடித்தது. போருக்குப் புறப்படும் சாமுராய்கள் இதை முகர்ந்துவிட்டுத்தான் போவார்கள்" என்றார் கடைக்காரர். ஐந்து நிமிடம் முன்புதான் ஒரு தாழ்ந்த கிளையில் மூக்கை வைத்துப் பார்த்திருந்தேன். மல்லிகையோடு வளர்ந்த மூக்குக்கு ஒன்றுமே எட்டவில்லை. அதைச் சொன்னேன். "குளிரில் மணம் தெரியாது" என்று பதில் தயாராக இருந்தது. நானும் தலையாட்டிவிட்டுப் பணத்தை எடுத்தேன்.

மாலையில் ஜப்பானியத் தோழியிடம் பெருமையாக நீட்டினேன். முகர்ந்தார். "சோப்பு" என்றார். பெட்டியைத் திருப்பி அடியில் இருந்த பொடி எழுத்தை வாசித்தார்: எத்தனால், நீர், வாசனைப் பொருள், சாயம். பூவின் பெயர் மருந்துக்கும் இல்லை.

உவேனோவில் பெரும்பாலும் இருப்பவை சோமெய் யோஷினோ என்ற வகைச் செர்ரி மரங்கள். ஒட்டுப்போட்டே பெருக்கப்பட்டவை, பூவில் மணம் இல்லையென்றே சொல்லலாம். ஜப்பானியர்கள் "சகுரா வாசனை" என்பது இலையின் வாசனை. ஓஷிமா வகைச் செர்ரி இலையை உப்பில் ஊறப்போட்டால்தான் கூமரின் என்ற பொருள் பிறந்து மணம் எழும். தோழி ஒரு சகுராமோச்சியை எடுத்து வந்தார். அரிசிப் பலகாரத்தைச் சுற்றியிருந்த கரும்பச்சை இலையை மூக்கருகே கொண்டுபோனேன்: வெயிலில் காய்ந்த வைக்கோல், கூடவே கொஞ்சம் வனிலா. அன்று முழுக்க நான் தேடிய வாசனை அந்தத் தட்டில் இருந்தது.

சாமுராய் கதையைக் கேட்டுத் தோழி சிரித்தார். சகுராவை அவர்கள் கொண்டாடுவது மணத்துக்காக அன்று, முழுதாய் மலர்ந்த ஒரு வாரத்துக்குள் உதிர்ந்துபோகிறதே, அதற்காக. மணம் வேண்டுமென்றால் கவிஞர்கள் உமே என்ற ஜப்பானியப் பிளம் மரத்திடம் போனார்கள். 901இல் தலைநகரைவிட்டுத் தொலைதூரத் தசைஃபு என்ற ஊருக்கு விரட்டப்பட்ட கவிஞரும் அமைச்சருமான சுகவாரா நோ மிச்சிசானே, கீழைக்காற்று வீசும்போது மணத்தை அனுப்பச் சொல்லிப் பாடியது தன் வீட்டு உமே மரத்தைப் பார்த்துத்தான்.

மறுநாள் குப்பியைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். "முத்திரையை உடைத்துவிட்டீர்களே" என்று சொல்லி இடுப்புவரை குனிந்தார் கடைக்காரர். அவ்வளவு பணிவாக யாரும் என் பணத்தைத் திருப்பித் தர மறுத்ததில்லை.

சகுராவின் பெயரில் ஏதாவது வாங்கியே ஆக வேண்டுமா? பெட்டியின் அடியை யாரிடமாவது வாசிக்கச் சொல்லுங்கள். இல்லையென்றால் உப்பிலிட்ட செர்ரிப் பூ ஒரு பொட்டலம் வாங்குங்கள். ஜப்பானியக் கல்யாணங்களில் தேநீருக்குப் பதிலாக அதைத்தான் வெந்நீரில் போட்டுத் தருகிறார்கள். சுருங்கிக் கிடக்கும் பூ கோப்பைக்குள் மெல்ல விரியும்.